மேல்படத்தில் இல்லாத வெள்ளை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வாய் மட்டும்தான் நீளம் என்று எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். காலில் அட்டை ஏறினால் ஊரையே கூட்டிவிடுவேன். இடி இடித்தால் முதல் ஆளாக ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன். அதெல்லாம் சத்தம் போட்டால் தீர்ந்துபோகிற பயம். போன வருஷம் சித்திரை முடிந்த கையோடு, ஒரு மத்தியான வேளை, ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது வேறு பயம். வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை.

அதைச் சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரவனெல்லப் பக்கம் ஒரு கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. முதலாளி சிங்களவர். நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரர். கல்யாணம், சடங்கு, பெரஹரா ஊர்வலம், பள்ளிக்கூட விழா எல்லாவற்றையும் அவர் எடுப்பார். வெட்டி ஒட்டி ஒழுங்கு பண்ணுவது நான். லயத்துப் பெண்கள் எல்லோரும் விடியும் முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக, நான் மட்டும் ஃபேன் காற்றில் உட்கார்ந்து பிழைக்கிறேன் என்று ஒரு பேச்சு உண்டு. "ஒனக்கென்னா, நோனா உத்தியோகம்" என்பார்கள், துரைசானி வேலை என்கிற மாதிரி. கண் எரிய எரியத் திரையைப் பார்க்கிறவளுக்குத்தான் அந்த நோனா உத்தியோகத்தின் அருமை தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளி எச்.டி.ஆர். கேமரா ஒன்று வாங்கினார். பழைய கேமராவுக்கு வெளிச்சத்தில் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையைத் தாண்டியதெல்லாம் ஒரே வெள்ளை. கற்பூரச் சுடரும் வெள்ளை, மாப்பிள்ளை வேட்டியும் வெள்ளை, ஜன்னலுக்கு வெளியே வானமும் வெள்ளை. புதுக் கேமரா அப்படி இல்லை. சுடர் எவ்வளவு பிரகாசம், வேட்டி எவ்வளவு பிரகாசம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும். தொல்லை எங்கே வந்ததென்றால், அந்தப் படத்தை அப்படியே கொடுத்தால் புது டிவியில் தகதகவென்று இருக்கும். பழைய டிவியில் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி எல்லோரும் வெளிறித் தெரிவார்கள். ஒரு பெண்வீட்டுக்காரர் படி ஏறி வந்து, பென் டிரைவை மேசையில் போட்டு, "எம்மக கல்யாணத்த எழவு வீடு மாதிரி ஆக்கிட்டீங்களே" என்று கத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் இரண்டு லேயராகக் கொடுக்க ஆரம்பித்தோம். ஒரே ஃபைலுக்குள் இரண்டு படம். அடியில் இருப்பது பேஸ் லேயர், நான் அடிப்படம் என்பேன். எந்த டிவியும் காட்டக்கூடிய அளவுக்கு வெளிச்சத்தை அமுக்கி, மிஞ்சியதை வெட்டிவிட்ட சாதாரணப் படம். அதற்கு மேல் இருப்பது என்ஹான்ஸ்மென்ட் லேயர், என் வாயில் மேல்படம். அதில் முழுப் படம் கிடையாது. அடிப்படம் செய்யும்போது எது எது விட்டுப்போனதோ, அந்த வித்தியாசம் மட்டும் இருக்கும். பழைய டிவிக்கு மேல்படம் இருப்பதே தெரியாது, அடிப்படத்தை மட்டும் போட்டுக்கொண்டு போய்விடும். புது டிவி இரண்டையும் எடுத்துக் கூட்டி, முழு வெளிச்சத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடும். எங்கள் வீட்டில் வெறும் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்து, சீனியை உள்ளங்கையில் தனியாகப் போடுவோமே, அது மாதிரி. வேண்டியவர் நக்கிக்கொண்டு குடிக்கலாம், வேண்டாதவருக்கு வெறும் தேத்தண்ணியும் தேத்தண்ணிதான்.

இந்த இரண்டும் ஒரு ஃபிரேம்கூடப் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். பிசகினால் புது டிவியில் ஆளைச் சுற்றி ஆவி மாதிரி இன்னொரு கோடு தெரியும். முழு வெளிச்சத்தைக் காட்டுகிற திரை எங்கள் ஸ்டூடியோவில் இல்லை, அவ்வளவு வசதி ஏது? அதனால் நான் மேல்படத்தை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பார்ப்பேன். பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும். திரை முழுக்கச் சாம்பல் நிறம். ஒன்றும் விட்டுப்போகாத இடம் எல்லாம் வெறும் சாம்பல். வெளிச்சம் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளியோ கீற்றோ இருக்கும். குத்துவிளக்குச் சுடர், தாலிக்கொடியில் ஒரு மின்னல், மூக்குத்திக் கல், கண்ணாடி போட்டவர்களின் கண்ணாடி. மனிதர்கள் நிழலாய் நடமாடுவார்கள், அவர்கள்மேல் இருக்கும் வெளிச்சப் பொட்டுகள் மட்டும் துல்லியமாகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அண்ணனுக்கு ஒரே பெண் பிள்ளை. அப்போது ஒரு வயதும் எட்டு மாதமும். அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். அண்ணி தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். எனக்கும் அவளுக்கும் லயத்தில் அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு காம்பராச் சுவர்தான். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு உயிர். வேலை முடிந்து நான் லயத்துப் படியேறும்போதே "அத்தே" என்று கத்திக்கொண்டு ஓடிவரும், வந்ததும் என் மூக்கைப் பிடித்து இழுக்கும். லேசாக மாறுகண். அதிர்ஷ்டக்காரி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நான் கொஞ்சினால் மட்டும் அண்ணி அன்றைக்குச் சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவாள். எனக்குத் தெரியாமல்தான் செய்வாள். நெருப்பில் மிளகாய் வெடிக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்காதா என்ன? கேட்டும் கேளாத மாதிரி இருந்துவிடுவேன். பிள்ளை இல்லாதவள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டது.

அண்ணியின் தம்பி கட்டாரில் இருந்து லீவில் வந்தான். சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும் கொண்டுவந்தான். தாய்மாமன் இல்லாமல் காது குத்த முடியாது என்று தள்ளிப்போட்டிருந்த காதுகுத்தை, சித்திரைப் புத்தாண்டு கழிந்து கோயிலில் வைத்தார்கள். முதலாளியே வந்து எடுத்தார். மாமன் மடியில் பிள்ளை, கேமராவுக்கு மேலே பொருத்திய சின்ன எல்.ஈ.டி. லைட். ஊசி குத்தும் முன்னே பிள்ளை அந்த லைட்டையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. குத்தியதும் போட்ட கூச்சலில் பூசாரியே இரண்டடி பின்னால் போனார். எல்லோரும் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து அந்த வீடியோவை எடுத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமன் மடிக் காட்சி வந்தது. அடிப்படத்தில் பிள்ளை நேராக லைட்டைப் பார்க்கிறது. வலது கண் கருப்பு. இடது கண்ணின் பாப்பா, நடுக் கருமணி, முழுக்க வெள்ளை.

நான் பதறவில்லை. "சரி, லைட் அடிச்சிருக்கு" என்று முனகிக்கொண்டேன். ஏனென்றால் அந்த வெள்ளை எனக்குப் புதிதில்லை. ஆவணி மாதம் பிள்ளையின் ஒரு வயதுப் பிறந்தநாள் போட்டோவிலும் அது இருந்தது. ஃபிளாஷ் பட்டு ஒரு கண் சிவப்பு, ஒரு கண் வெள்ளை. சிவப்புக் கண் ஸ்டூடியோக்காரர்களுக்குத் தினசரிச் சமாசாரம், ஒரு தட்டுத் தட்டினால் கருப்பாகிவிடும். வெள்ளைக்கு அந்த வசதி இல்லாததால், கருப்பாக்கிய நல்ல கண்ணை அப்படியே காப்பி எடுத்து இந்தப் பக்கம் ஒட்டினேன். தீபாவளிப் படத்திலும் ஒட்டினேன். பொங்கல் படத்திலும் ஒட்டினேன். ஒட்டின அடையாளமே தெரியாது, என் கை அப்படி. முதலாளிகூட "உன் கை பட்டால் பேய்கூட அழகாகிவிடும்" என்பார். எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன், பாவி நான்.

அன்றைக்கும் அதே பழக்கத்தில், இந்த வீடியோவில் அந்தக் கண்ணை எப்படி மூடுவது என்றுதான் யோசித்தேன். அதற்கு முன் மேல்படத்தை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று அதைத் தனியாகப் போட்டேன். சாம்பல் திரை. மாமனின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு பளிச். குத்துவிளக்கு ஐந்து சுடரும் பளிச். பிள்ளையின் வலது கண்ணில் குண்டூசி முனை அளவு ஒரு பொட்டு, எல்.ஈ.டி. லைட்டின் மினுக்கம். இடது கண்ணிலும் அதே அளவு ஒரு பொட்டு. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல்.

கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த வெள்ளை லைட்டின் வெள்ளையாக இருந்தால், கண்ணாடியில் அடித்த மாதிரிக் கண்ணிலும் அடித்திருந்தால், அதன் பிரகாசம் அடிப்படத்தில் அடங்கியிருக்காது. மிச்சம் மேல்படத்துக்கு வந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு வந்திருக்கிறது, விளக்குக்கு வந்திருக்கிறது, அந்தக் குண்டூசிப் பொட்டுக்குக்கூட வந்திருக்கிறது. பாப்பா முழுக்க நிறைந்திருந்த அந்த வெள்ளைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் அது லைட்டிலிருந்து வந்த வெள்ளை இல்லை. சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிற மாதிரி, வேட்டி வெள்ளையாக இருக்கிற மாதிரி, அங்கேயே இருக்கிற வெள்ளை. பிள்ளையின் கண்ணுக்குள் ஏதோ ஒன்று வெள்ளையாக இருக்கிறது.

மேல்படம் தப்பாக உட்கார்ந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. முன்னால் பத்து ஃபிரேம், பின்னால் பத்து ஃபிரேம் தள்ளிப் பார்த்தேன். பிள்ளை தலையைத் திருப்பத் திருப்பக் குண்டூசிப் பொட்டு இடம் மாறியது. அடிப்படத்து வெள்ளை மாறவில்லை. மறுபடி முதலிலிருந்து மேல்படத்தை உண்டாக்கிப் பார்த்தேன். அப்பவும் அதேதான்.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "மேக்க லைட் எக்க நே?" என்றார். இது லைட்தானே என்று. நான் மேல்படத்தைப் போட்டேன். அந்த மனுஷனுக்கு இருபது வருஷ வெளிச்சம் தெரியும். மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மறுபடி மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் தோள் பக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார்.

போகும் முன் இரண்டு காரியம் செய்தேன். போனில் பிள்ளைகளின் கண்ணில் வெள்ளை என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. கண்ணுக்குள் வளர்கிற ஒரு கட்டியைப் பற்றி வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வருமாம். மாறுகண்ணும் அதற்கு ஓர் அடையாளமாம். விட்டால் கண்ணோடு நிற்காதாம், தலைக்கு ஏறி உயிரையே வாங்கிவிடுமாம். எழுத்து கண்ணில் படுகிறது, மண்டையில் ஏறவில்லை. இரண்டாவது காரியம், பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பிறந்தநாளின் கைவைக்காத படங்களை எடுத்தேன். கேக்குக்குப் பின்னால் பிள்ளை சிரிக்கிறது. இடது கண்ணில் மிளகு அளவு மங்கலான வெள்ளை. தீபாவளியில் கொஞ்சம் கூட. பொங்கலில் இன்னும் கூட. எட்டு மாதமாக அந்தப் பிள்ளையின் கண் என்னைப் பார்த்து ஏதோ சொல்லியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டேன். யாரிடமும் காட்டமாட்டேன் என்று அப்போதே முடிவும் பண்ணிக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பஸ்ஸில் வரும்போது வேறு பயமும் சேர்ந்துகொண்டது. அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது? பிள்ளை இல்லாத நாத்தனார் வந்து, உன் பிள்ளையின் கண்ணில் கோளாறு என்று சொன்னால் எந்தத் தாய் தாங்குவாள்? சும்மா கொஞ்சினதுக்கே மிளகாய் வெடித்த வீடு. நான் சொன்னதால்தான் வந்தது என்பார்கள். சொல்லாமல் விட்டால்? பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் அந்தப் பஸ் ஸீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே பாயில் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் நனைந்துபோய் வந்து நின்றதைப் பார்த்து, "என்னா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள்.

"அண்ணி, புள்ளையோட எடது கண்ணு... வீடியோவுல பாத்தேன். ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருவோமே."

சுளகு நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. "கண்ணுக்கு ஒன்னுமில்ல" என்றாள்.

"இல்ல அண்ணி, உள்ளுக்குள்ள வெள்ளையா..."

"ஒன்னுமில்லன்னு சொல்றேன்ல? நீ எதுக்கு எம்புள்ள கண்ணையே பாக்குற? வேற வேல இல்லயா ஒனக்கு?"

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் செவிளில் அறைந்த மாதிரி இருந்தது. மற்ற நாளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன், லயமே கூடியிருக்கும். அன்றைக்கு ரோஷத்தைவிடப் பயம் பெரிசாக இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். போனில் படித்த ஒரு சோதனை ஞாபகத்தில் இருந்தது.

பிள்ளையை மடியில் வைத்து, டப்பாவைக் கையில் கொடுத்து, அதன் இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். பிள்ளை பாட்டுக்கு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது. மூடியதே அதற்குத் தெரியவில்லை. பிறகு கையை மாற்றி வலது கண்ணை மூடினேன். டப்பா கீழே விழுந்தது. வீல் என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் என் கையைப் பிய்த்துத் தள்ளியது. இருட்டில் விட்டுவிட்ட மாதிரி "அம்மா, அம்மா" என்று தேடியது. அம்மா இரண்டடி தூரத்தில், நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். பறித்துக்கொண்டு அவளே ஒரு தடவை மூடிப் பார்த்தாள். பிறகு அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில போவோம்" என்றாள். "நீயும் வா. என்னால தனியா முடியாது."

மறுநாள் அவள் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகவில்லை. கிளினிக் கார்டு, பால் போத்தல், ஒரு துவாய், இவற்றோடு பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கனமான பொருளையும் எடுத்துக்கொண்டாள். நான் என்னவென்று கேட்கவில்லை. பஸ்ஸில் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாடு, பஸ், கடை என்று தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. அறையை இருட்டாக்கி, சின்ன லைட் கருவியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். வலது கண்ணைச் சீக்கிரம் பார்த்து முடித்தார். இடது கண்ணில் நின்றுவிட்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை, பார்த்தபோது இல்லை. உட்கார்ந்து, பேனாவை எடுத்து, "பரண ஃபொட்டோ தியெனவத?" என்று கேட்டார். பழைய போட்டோ இருக்கிறதா, எப்போதிலிருந்து இப்படி என்று தெரிந்தால் நல்லது என்றார்.

அண்ணி பொலித்தீன் பையை அவிழ்த்தாள். உள்ளே பிறந்தநாள் ஆல்பம். நான் செய்து கொடுத்த ஆல்பம்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிள்ளை கேக் வெட்டுகிறது, பலூனைக் கடிக்கிறது, அப்பன் தோளில் இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி, கருகருவென்று. "அப்படியானால் இது கிட்டடியில் வந்ததுதான். ஆவணியில் ஒன்றும் இல்லையே" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். அண்ணி பெரிதாக மூச்சு விட்டாள். "ஆமாங்க டாக்டரம்மா, அப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள், சிங்களத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள்.

அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த ஆல்பம் பாட்டுக்கு அந்த ஆல்பமாக இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தாளை வைத்துத்தானே இனி வரும் டாக்டர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்ப்பார்கள்? எட்டு மாதக் கட்டியை ஒரு மாதக் கட்டி என்று நினைத்து வைத்தியம் பார்த்தால்? எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன்.

"டாக்டர், அத எழுதாதீங்க. அந்தக் கண்ணு நெசம் இல்ல. நான் ஒட்டினது."

போனை எடுத்து மேசையில் வைத்தேன். ஆவணி, தீபாவளி, பொங்கல். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டினேன். வெள்ளை, கொஞ்சம் பெரிய வெள்ளை, இன்னும் பெரிய வெள்ளை. லைட் என்று நினைத்தேன், வெள்ளைக் கண் வந்தால் ஸ்டூடியோவில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம் என்று என்னென்னவோ உளறினேன். அண்ணி பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் எனக்கு இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே வேறு எழுதினார். அந்தப் படங்களை அழிக்க வேண்டாம், கொழும்பிலும் காட்டுங்கள் என்றார். அன்றைக்கே போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

கொழும்பில் அண்ணன் வந்து சேர்ந்துகொண்டான். பிள்ளையை மயக்கிப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மூன்று நாள் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் காலையில் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். கட்டி கண்ணைத் தாண்டவில்லை. வலது கண் சுத்தம். பிள்ளை பிழைத்துக்கொள்வாள். ஆனால் இடது கண்ணை எடுத்துவிட வேண்டும். ஆறு ஏழு மாதத்துக்கு முன் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அண்ணன் கையெழுத்துப் போடப் போனான்.

நானும் அண்ணியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. நான்கு நாளாக அண்ணி என்னிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்னைக் கிழித்துத் தொங்கவிடட்டும், லயத்தில் எல்லோர் முன்னாலும் முடியைப் பிடித்து இழுக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் ஆரம்பிக்காததால் நானே ஆரம்பித்தேன்.

"அண்ணி, என்னைய ஒரு வார்த்த திட்டிருங்க. தாங்க முடியல."

அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பாத்தேன் புள்ள" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஒரு வயசு முடியிறதுக்கு முந்தியே பாத்தேன். பல்பு வெளிச்சத்துல தூக்கிக்கிட்டு நிக்கிறப்ப, அந்தக் கண்ணு பூனக் கண்ணு மாதிரி மின்னுச்சு. ஒங்கண்ணன்கிட்டகூட சொல்லல. சொன்னா நெசமாயிருமோன்னு பயம். மிட்வைப் அம்மாகிட்ட கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஆல்பத்தக் கொண்டாந்து குடுத்த."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தொறந்து பாத்தா, ரெண்டு கண்ணும் கருகருன்னு இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. கேமரா பொய் சொல்லுமா, நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சிக்கிட்டேன். அப்பறமும் மின்னத்தான் செஞ்சுச்சு. மின்னுறப்பல்லாம் பொட்டியத் தொறந்து அந்த ஆல்பத்த எடுத்துப் பாப்பேன். பாத்தா பயம் போயிரும்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கையை நீட்டி, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.